மறு: ஈரக் குமிழ் கோள வெப்பநிலைக்கு வேறு சொல்

எல்லாருக்கும் வணக்கம். பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது, இங்கே சிங்கப்பூர் கட்டுமான சைட்டில் கான்கிரீட் ஊற்றுகிற வாரம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலில் உழைக்கிறவனுக்குச் சூடு எவ்வளவு என்று காட்டும் 'ஈரக் குமிழ் கோள வெப்பநிலை'க்கு எளிய தமிழ்ச் சொல் ஒன்று கொடுங்கள் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் கேட்டது அகராதியில் சேர்ப்பதற்கு இல்லை. சைட் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது, அதில் மணிக்கு ஒரு தடவை ஓர் எண்ணை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. எண்ணுக்கு மேலே ஆங்கிலத்தில் டபிள்யூபிஜிடி, கீழே சீனத்தில் ஒரு வரி, வங்காளத்தில் ஒரு வரி, தமிழில் 'ஈரக் குமிழ் கோள வெப்பநிலை'. யாரோ சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக் கொடுத்தது, இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவன், புதுக்கோட்டைப் பக்கம், நின்று நிதானமாகப் படித்துவிட்டு "அண்ணே, குமிழ்னா லைட்டா?" என்றான். அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "33தான போட்டிருக்கு, எங்க ஊர்ல சித்திரையில 40 அடிக்கும், அதுலயே சூளையில நின்னவன் நான்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் அந்த 33 சாதாரண 33 இல்லை. இங்கே 2023 ஜூலையிலிருந்து வெளியாகும் வெப்ப அறிவுரையில் இந்த அளவு 31-க்குக் கீழே இருந்தால் குறைவு, 31-ஐத் தாண்டினால் நடுத்தரம், 33-ஐத் தொட்டால் உயர்வு, அதற்கு மேல் வேறு படியே கிடையாது. மனிதவள அமைச்சின் விதிப்படி 32 ஆனாலே கடும் உடலுழைப்புக்கு மணிக்குப் 10 நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும், 33 ஆனால் 15 நிமிடம். தம்பி அதைப் போய் ஊர் வெயிலோடு ஒப்பிடுகிறான். அவன் மேல் தப்பே இல்லை, 'வெப்பநிலை' என்று எழுதி வைத்தது நாம். சிங்கப்பூரில் இதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பநிலை 37.0 டிகிரி, 1983-இல் தெங்காவில் ஒரு தடவை, 2023 மே 13-இல் அங் மோ கியோவில் ஒரு தடவை. தமிழ்நாட்டுக்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். ஆனால் அவனே இங்கே பதினொரு மணிக்குள் சட்டையைப் பிழிந்து காயப்போடுகிறான், அதுவும் காய்வதில்லை.

விஷயமே அந்தக் காயாத சட்டையில்தான் இருக்கிறது. கருவியை நான் தினமும் முக்காலியில் மாட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மூன்று வெப்பமானிகள். ஒன்றின் நுனியில் (குமிழ் என்பது அதுதான்) பருத்தித் துணியுறை, அதன் வால் சின்னத் தண்ணீர்ச் சிமிழில் தொங்கும், துணி எப்போதும் நனைந்தே இருக்கும். இரண்டாவது, கறுப்படித்த செம்புக் குண்டுக்குள் இருக்கும் (அதுதான் கோளம்), வெயிலும் சுவரும் அனலாக வீசுவதை அது வாங்கிக்கொள்ளும். மூன்றாவது நிழலில், வெறும் காற்றின் சூட்டைக் காட்டும். வெயிலில் வேலை என்றால் முதலாவதில் பத்துக்கு ஏழு பங்கு, குண்டில் இரண்டு பங்கு, காற்றில் ஒரு பங்கு எடுத்துக் கூட்டினால் அந்த எண். ஈரத்துணி 27, குண்டு 45, காற்று 32 என்று வைத்துக்கொள்ளுங்கள், 18.9-உம் 9-உம் 3.2-உம் சேர்ந்து 31.1. பார்க்கப் போனால் இது எந்த ஒரு பொருளின் வெப்பநிலையும் இல்லை, மூன்றைக் கலந்த ஒரு கூட்டு மதிப்பெண். 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாமில் ஆட்கள் வெயிலில் சுருண்டு விழுவதைத் தடுக்கக் கண்டுபிடித்த கணக்கு இது.

ஈரத்துணிக்கு ஏன் ஏழு பங்கு? நம் உடம்பே ஒரு ஈரத்துணிதான். கம்பி கட்டுகிற ஆளின் உடம்பு 400 வாட் அளவுக்குச் சூட்டைக் கிளப்பும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறக்குறைய 2,400 கிலோஜூல் கொண்டுபோகும், ஆக மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாகியே தீர வேண்டும். ஆவியாக வேண்டும், சொட்டக் கூடாது. மூக்கு நுனியில் சொட்டுகிற வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உடம்பின் தண்ணீர் போனதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணியும் ஆறாது, ஆளும் ஆறமாட்டான்.

'ஆறுவது' என்றதும் மதுரை ஐயா போன வாரம் எழுதிய 'ஆறுநிலை' நினைவுக்கு வருகிறது. கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை வரிசையில் ஆறுநிலை, ஈரம் ஆவியாகி எதுவரைக்கும் ஆற முடியுமோ அந்த நிலை. கருவியின் உறுப்பைச் சொல்லாமல் நடப்பதைச் சொல்கிறது, வினைத்தொகையாக நறுக்கென்று இருக்கிறது, எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. தேக்கா சந்தையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றும் தேநீர், ஆற்றுகிற அண்ணன் கையைத் தூக்கித் தூக்கி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே, ஆற்றுதலிலும் ஆற்றல், இயற்பியலிலும் ஆற்றல், நம் மொழி எப்படி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது பார் என்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் (பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்). சரி என்று அட்டையில் 'ஆறுநிலை: 27' என்று எழுதிக் காலைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "மிச்ச அஞ்சு நிலை எங்கண்ணே?" அவ்வளவுதான். ஐயா மன்னிக்க வேண்டும். பாடநூலில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி வெப்பமானி மட்டும் காட்டுவது) பதிலாக அதை வையுங்கள், நான் கை தூக்குகிறேன், பலகைக்குத்தான் ஆகாது.

ஹீட் ஸ்ட்ரெஸ் என்பதை அப்படியே பெயர்த்த 'வெப்ப அழுத்தம்' வேண்டாம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். அழுத்தம் என்றால் டயருக்குக் காற்றடிப்பது, மிஞ்சினால் ரத்தக் கொதிப்பு.

என் சொல் புழுக்கம். புதிதாக உண்டாக்கியது இல்லை, ஆத்தா காலத்திலிருந்து இருப்பது, எல்லார் வாயிலும் இருப்பது. "புழுங்குது" என்றால் காற்றில்லை, ஈரம் இருக்கிறது, வியர்வை காயவில்லை என்ற மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடும். துணியுறை வெப்பமானிக்கு நாம் விசிறி வைப்பதில்லை, காற்று நின்றுவிட்டால் அதுவும் ஏறும், ஆக அந்த மூன்றையும்தான் அது அளக்கிறது. புழுங்கல் அரிசியும் இதே வேர்தான் என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார், நெல் ஆவியில் வேகிறது, ஆள் வியர்வையில் வேகிறான், நான் அதைப் பொருத்தம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கோவைத் தோழர் எழுப்பிய மறுப்புதான் கனமானது. புழுக்கம் என்பது கதவடைத்த அறைக்குள், மழைக்கு முந்தின சாயங்காலத்தில் வருவது, நடு வெயிலில் நிற்கிறவனைப் போய்ப் புழுங்குகிறான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், கறுப்புக் குண்டு அளப்பது உங்கள் சொல்லில் இல்லையே என்கிறார். உண்மைதான். ஆனால் குண்டின் பங்கு பத்தில் இரண்டு, புழுக்கத்தின் பங்கு ஏழு. ஏழைச் சொல்லி இரண்டை விட்ட சொல்லா, எல்லாவற்றையும் சொல்லி ஒன்றும் புரியாத சொல்லா என்றால் நான் முதலாவதின் பக்கம். 'வெயிற்புழுக்கம்' என்று இரண்டையும் சேர்க்கலாம் என்றார் இன்னொருவர். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 'ற்ப'-வைக் கூட்டத்தில் உரக்கப் படித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் 'புழுக்கச் சுட்டெண்' என்றார். எண் என்று வருவதால் வெப்பநிலைக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது, அகராதிக்கு அதையே வையுங்கள். அவரோடு ஏற்கெனவே 'நிறை'யில் மாட்டிக்கொண்டு விழித்தவன் நான், எங்களுக்கு நிறை வேறு எடை வேறு, அவர் ஊர்ப் பாடநூலில் எடைக்கே நிறை என்று பெயர், எங்கள் நிறை அங்கே திணிவு. ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது. புழுக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் புழுக்கம், இங்கேயும் புழுக்கம்.

நேற்று பலகையில் 'இப்போதைய புழுக்கம்: 32' என்று மட்டும் எழுதினேன். அந்தப் புதுக்கோட்டைத் தம்பி பார்த்துவிட்டு "எத்தனைக்குண்ணே 32?" என்றான். 33 வந்தால் கால் மணி நேரம் உட்காரணும் என்றேன். "அப்ப இன்னும் ஒண்ணுதானா" என்று வானத்தைப் பார்த்தான்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எண்ணுக்குப் பின்னால் டிகிரி போடுவதா வேண்டாமா? அலகுப்படி செல்சியஸ்தான், விட்டால் பொறியாளர் முறைப்பார். போட்டால் மறுபடியும் ஊர் 40 வந்து நிற்கும். வேண்டாம் என்பது என் கட்சி. புதுப் பலகை ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் எழுதிவிடுங்கள்.