புதுப்பிப்பு: எடையே ஏறாத பூனைக்குட்டி இப்போது 740 கிராம்

மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன்: மழையில் மாடிப்படிக்குக் கீழே கிடைத்த குட்டி, இரண்டு மாசம் இருக்கும், எடை வெறும் 480 கிராம், எவ்வளவு சாப்பிட்டும் தேறவில்லை என்று. அந்த வயதுக்கு 800 கிராமாவது வேண்டும். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் குடல் புழு. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். எடைக்குத் தக்கபடி மருந்து கொடுத்தார். மறுநாள் மண் தட்டில் வெள்ளை வெள்ளையாக, சேமியா போல நாலைந்து புழு! பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. முதல் மருந்துக்குத் தப்பிய இளம் புழுக்கள் பிறகு வளர்ந்துவிடும் என்பதால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தோம். அதைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

பசும்பாலையும் நிறுத்திவிட்டேன். வயிற்றுப்போக்கு அதனால்தான். இப்போது குட்டிகளுக்கான ஈர உணவு, கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. லேசாகச் சூடு காட்டினால் வாசனைக்கே ஓடி வருகிறது. நடுவில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் படாமல் வேகவைத்த கோழி கொஞ்சம்.

தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் சமையலறைத் தராசில் எடை பார்க்கிறேன். முதல் மூன்று நாள் அசையவே இல்லை. அப்புறம் தினம் 12, 15 கிராம் என ஏறுகிறது. இன்றைக்குக் கிண்ணத்தில் உட்காராமல் தாவிக்கொண்டே இருந்தது, நாலு தடவை வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் தடுப்பூசி.