நுண்ணோக்கியில் போனை வைத்துத் தோல் நோய் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

தகடு40:
இன்னும் உறுத்துவதால் எழுதுகிறேன். தொடையிடுக்கில் படர்தாமரை. ஸ்டீராய்டு களிம்பைப் பூசிப் பூசி வட்ட ஓரமே அழிந்திருந்தது. சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கே.ஓ.எச். (தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) விட்டு, 40 மடங்கு லென்ஸில் வைத்தேன். தோல் மருத்துவர் வெகு தொலைவில். கண்வில்லை வழியாகப் போனில் படமெடுத்து அனுப்பினால், "பூஞ்சை இழையா, செல் ஓரமா என்று பிரியவில்லை. ஃபோகஸை மாற்றும் நுண் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே வீடியோ எடுங்கள்" என்றார். திருகத் திருக மற்ற கோடுகள் செல் ஓரங்களோடு மங்கின. ஒன்று மட்டும் செல்களைக் குறுக்கே கடந்து போய்க் கிளை பிரிந்தது. அந்தக் கிளையைப் பார்த்த பிறகுதான் மருந்து எழுதினார். இதற்கு முன் எத்தனை பேருக்கு வெறும் படம் மட்டும் போயிருக்கும்?

இரவுப்பணி:
நான் பார்த்தது ஸ்கேபீஸ், தோலுக்குள் துளைக்கும் நுண்பூச்சியால் வரும் சொறி. குழந்தையின் விரலிடுக்கில் சுரண்டி, கே.ஓ.எச். இல்லாமல் எண்ணெயில் வைத்தோம், பூச்சி உயிரோடு இருக்கட்டும் என்று. 10 மடங்கு லென்ஸே போதும். அப்பா மட்டும், "எனக்கு அரிப்பே இல்லை, நான் ஏன் பூசணும்?" என்று பிடிவாதமாக இருந்தார். முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மருத்துவருக்கு அனுப்ப எடுத்த வீடியோவில் பூச்சி காலை அசைத்தது. அதைப் போன் திரையில் பார்த்தவர் பேசாமல் களிம்பை வாங்கிக்கொண்டார்.

எண்ணெய்லென்ஸ்:
தகடு40 சொல்வதை முழுக்க ஏற்க மாட்டேன். வீடியோ எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. தொழுநோய்க்காகத் தோலைக் கீறி எடுத்துத் தகட்டில் பூசிச் சாயமிட்ட மாதிரி ஒன்றில் நீலப் பின்னணியில் சிவப்பாகத் தெரிய வேண்டிய கிருமிகள், படத்தில் பழுப்பாக வந்தன. போன் தானாக நிறத்தைத் திருத்திவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் "சாயம் சரியில்லை, மறுபடி போடுங்கள்" என்றார். நோயாளியின் காது மடலை மறுபடி கீறினோம்.

அதனால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். போனின் வெள்ளைச் சமநிலையை (வொயிட் பேலன்ஸ்) கைமுறையில் வைத்து, தகட்டின் காலியான இடத்தில் சரிபாருங்கள். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். கையில் பிடிக்காமல் கவ்வி போடுங்கள். முக்கியக் கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள், பெரிதாக்கினால் சில போன்கள் தாமாக வேறு லென்ஸுக்குத் தாவும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். எந்த லென்ஸ், என்ன சாயம் என்று எழுதுங்கள். தோலின் படத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்து அனுப்புங்கள், ஆனால் முகமோ பெயரோ வேண்டாம்.

அக்காவுக்காக:
எண்ணெய்லென்ஸ் சொன்ன அத்தனையும் எங்கள் விஷயத்தில் சரியாகவே செய்திருந்தார்கள். அக்காவின் முதுகில் கருத்த மச்சம். பயாப்ஸி தகட்டின் படங்களைப் பார்த்துவிட்டு "இதுவரை பயப்பட ஒன்றுமில்லை" என்று பதில் வந்தது. வீடே மூச்சு விட்டது. சாயங்காலம் இன்னொரு செய்தி: வெட்டி எடுத்த துண்டின் ஓரங்கள் எந்தப் படத்திலும் இல்லை, தகட்டையே அனுப்புங்கள். அந்த "இதுவரை" என்ற சொல்லை அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். படம் எடுப்பவர் எந்த இடத்தைக் காட்டுகிறாரோ அதைத்தானே தூரத்தில் இருப்பவர் பார்க்க முடியும்?

தகடு40:
எண்ணெய்லென்ஸ், சாயம் போட்ட தகட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. கே.ஓ.எச்.-இல் சாயமே இல்லை, தகட்டுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்ஸரை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்து, ஃபோகஸை ஏற்றி இறக்கித்தான் இழையைப் பிடிக்க முடியும். அக்காவுக்காக, தகடு போய்ச் சேர்ந்த பிறகு என்ன சொன்னார்கள்?