கிளையன்ட்தான் மகளின் வகுப்பாசிரியை, என்ன செய்யலாம்?

வணக்கம். சின்ன ஊர்களில் மருத்துவ உளவியலாளராக இருப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பதற்றத்துக்காகப் பல மாதங்களாக என்னிடம் வரும் பெண்மணி, இந்த ஜூன் முதல் என் மகளுக்கு வகுப்பாசிரியை. அங்கே ஒரே பிரிவுதான், மாற்றிக் கேட்கவும் வழியில்லை.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை 3.05, இரட்டை உறவு (சிகிச்சை பெறுபவரோடு வேறொரு உறவும் இருப்பது) எல்லாமே தவறு என்று சொல்வதில்லை. என் நிதானம் கெடுமா, அவருக்குத் தீங்கோ சுரண்டலோ நேருமா என்று பார்க்கச் சொல்கிறது. சரி, மகளின் மதிப்பெண் அவர் கையில் இருக்கும்போது நான் எவ்வளவு கறாராகப் பேசுவேன்? அவரும்தான் மனம் விட்டுப் பேசுவாரா? வேறொருவரிடம் அனுப்பலாம் என்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். இப்போதுதான் அவருக்குத் தூக்கமே திரும்பியிருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குக் கணவரை அனுப்பலாம். ஏன் என்று கேட்பார். 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்லும் ரகசியக் காப்பின்படி கணவரிடமும் சொல்லக் கூடாதே!

நீங்களாக இருந்தால் தொடர்வீர்களா? அடுத்த அமர்வில் இந்தப் பேச்சை எப்படி எடுப்பீர்கள், கோப்பில் என்ன எழுதி வைப்பீர்கள்? அப்புறம், தமிழில் ஆன்லைனில் மேற்பார்வை (நம் சிகிச்சைப் பணி குறித்த வழிகாட்டல்) தரும் மூத்த உளவியலாளர்கள் இருந்தால் கட்டண விவரத்தோடு சொல்லுங்கள்.