காம்பி பாய்லர் பற்றியதும் அணைகிறது: கட்டுப்பாட்டுப் போர்டா, வேறு ஏதாவதா?

இடம் லண்டன், ஈஸ்ட் ஹாம். 24 கிலோவாட் கேஸ் காம்பி (வீட்டுச் சூடேற்றமும் வெந்நீரும் ஒரே பாய்லரில்), வயது பத்தைத் தாண்டியது. அக்டோபரில் குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் முதல் தடவை மட்டும் தகராறு. ஃபேன் சுற்றுகிறது, தீப்பொறி வருகிறது, பர்னர் நன்றாகவே பற்றுகிறது. ஐந்தாறு வினாடியில் அணைந்து, இரண்டு மூன்று முயற்சிக்குப் பின் லாக்அவுட் (ரீசெட் செய்யும்வரை பாய்லர் நின்றுவிடுகிறது). ரீசெட் செய்து ஒருமுறை சூடேறிவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை.

கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் வேலைப் பதிவேடு) பதிவுள்ள இன்ஜினியர் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டார். ஓடும்போது இன்லெட் அழுத்தம் 20 மில்லிபார், எரிப்பு அளவுகளும் சரி. சுடர் உணரும் எலெக்ட்ரோடு புதுசு, இடைவெளி கையேட்டின்படி. அதன் லீடில் (இணைப்பு வயரில்) அறுப்பு இல்லை. லைவ்-நியூட்ரல் 238 வோல்ட், நியூட்ரல்-எர்த் 1 வோல்ட்டுக்குள், பர்னரிலிருந்து எர்த்துக்கு 0.1 ஓம். லைவும் நியூட்ரலும் இடம் மாறவில்லை (மாறினால் சில மாடல்களில் இதே கூத்துதான்). லீடில் தொடராக மீட்டர் வைத்தால் சுடர் வழியே பாயும் மின்னோட்டம் (இதை வைத்துத்தான் போர்டு சுடரை அறிகிறது) குளிரில் 0.7 மைக்ரோஆம்ப், சூடானபின் 3.5.

எல்லாரும் போர்டை மாற்றச் சொல்கிறார்கள். வெறும் ஊகத்துக்கு அவ்வளவு பணம் கொட்ட மனமில்லை.

கேஸை மூடிவிட்டு, எலெக்ட்ரோடுக்குப் பதில் டயோடும் மெகாஓம் ரெசிஸ்டரும் (சுடரைப் போலவே ஒரு திசையில் சிறு மின்னோட்டம் விட) இணைத்துப் போலிச் சுடர் காட்டினால், குளிர்ந்த போர்டு அதை ஏற்கிறதா என்பதை வைத்தே போர்டு பழுதை உறுதி செய்யலாமா?