பனியில் புதைந்த கார்: ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது, உதவுங்கள்

கேள்வி:
இரவு கொட்டிய பனியில் கார் சிக்கிக்கொண்டது. முன்சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் கியர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடது முன்சக்கரம் மட்டும் சுற்றுகிறது, வலது அசையவே இல்லை. சுற்றிய இடம் கண்ணாடிபோல் உறைந்துவிட்டது. சிறிய மண்வாரி ஒன்று இருக்கிறது. வெந்நீர் ஊற்றலாமா?

பதில் 1:
வெந்நீர் வேண்டவே வேண்டாம், சற்று நேரத்தில் அதுவும் உறைந்து நிலைமையை மோசமாக்கும். முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். அது பனியால் அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும். மணமில்லாத நச்சு, ஆளையே கொன்றுவிடும். அடைப்பை நீக்காமல் இன்ஜினை இயக்காதீர்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவது பழுதல்ல. இன்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல், இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் (சுழற்றும் விசை) தரும். வழுக்கும் சக்கரம் தாங்குவது எவ்வளவோ, மற்றதற்கும் அவ்வளவுதான். ஆகவே இடது சக்கரத்துக்குப் பிடிமானம் கொடுங்கள். மணல் தூவலாம். உப்பும் உதவும், ஆனால் சுமார் -9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பை நம்ப முடியாது.

பதில் 2:
மணலுக்கு முன் வண்டியின் அடிவயிற்றைக் குனிந்து பாருங்கள். இறுகிய பனி வண்டியைத் தாங்கி நின்றால் சக்கரத்தின் மேல் பாரமே விழாது, என்ன தூவினாலும் வீண். பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். கியர் மாற்றும் முன் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடியுங்கள். ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தானாகத் தடுக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பதில் 1:
அணைப்பது அசைக்கும்போது மட்டும் போதும். சுற்றும் சக்கரத்தை அதுவே பிரேக் பிடித்து மற்றதற்கு விசை அனுப்பும், முதலில் அதற்கு வாய்ப்புக் கொடுங்கள்.

கேட்டவர்:
குனிந்து பார்த்தேன். முன்பக்கம் முழுக்கப் பனி மேடு. தோண்டிக்கொண்டிருக்கிறேன். மணல் இல்லை, கால்மிதி விரிப்பு போதுமா?

பதில் 2:
போதும். விரிப்பின் விளிம்பைச் சக்கரத்துக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். வேகமாக மிதித்தால் அது பறந்து வந்து அடிக்கும். சக்கரத்தின் நேர்கோட்டில், முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது, ஐயா.

கேட்டவர்:
வெளியே வந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் வேகம் கூடியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது. ஏதாவது உடைந்துவிட்டதா?

பதில் 1:
பெரும்பாலும் ரிம்மின் உட்புறம் பனி ஒட்டியிருக்கும், அதனால் சக்கரத்தின் சமநிலை கெடும். ஓரமாக நிறுத்தி எல்லாச் சக்கரங்களிலும் சுரண்டி எடுங்கள். அதற்குப் பிறகும் நடுங்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.