லப்ரொப்போடை வந்த அப்டேற் புறோகிராமை முழுசா அழிச்சு எடுக்கிறது எப்பிடி?

உரும்பிராய் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகன் கனடாவிலை இருந்து வரேக்கை தங்கச்சியின்ரை படிப்புக்கெண்டு ஒரு லப்ரொப் கொண்டுவந்தவர். விண்டோஸ் 11. அதைச் செய்த கொம்பனியின்ரை அப்டேற் புறோகிராம் ஒண்டும் அதுக்குள்ளை இருந்தது. நாங்கள் போடேல்லை.

வீட்டிலை 4ஜி ரவுற்றர், மாசம் 40 ஜீபி. போன மாசம் 19ஆம் திகதியே முடிஞ்சுது. பிள்ளை படம் பாக்கிறாளாக்கும் எண்டு ஏசிப்போட்டன். அவள் ஒண்டும் பேசாமல் செற்றிங்ஸிலை டேற்றா யூசேஜ் பக்கத்தைத் திறந்து காட்டினாள். 30 நாளிலை அந்தப் புறோகிராம் மட்டும் 11 ஜீபி. அவளை வீணா ஏசினது இன்னும் மனசுக்குள்ளை கிடக்குது.

டேற்றாவை விடவும் பெரிய பயம் ஒண்டு இருக்கு. இரவு 7 மணி உயிரியல் சூம் வகுப்புக்கு நடுவிலை "பயோஸ் அப்டேற் இருக்கு, ரீஸ்ராட் பண்ணவோ" எண்டு கேக்குது. பயோஸ் எண்டால் லப்ரொப்பை முதலிலை எழுப்பிற புறோகிராமாம். பற்றரி 10 நிமிசம்கூட நிக்காது. இங்கை கரண்ட் எப்ப போகுமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஏ.எல். சோதினைக்கு இன்னும் 4 மாசம். இதை எடுத்துவிடலாமோ?

கொக்குவில் பெடியன்:
அம்மா, சேவிசஸுக்குள்ளை போய் விண்டோஸ் அப்டேற்றை டிசேபிள் பண்ணிவிடுங்கோ. டேற்றா மிஞ்சும்.

சுன்னாகம் ரிப்பேர்காரன்:
அக்கா, தம்பி சொன்னதைச் செய்யாதேங்கோ. விண்டோஸ் அப்டேற் வேறை, உங்கடை லப்ரொப்பிலை இருக்கிறது வேறை. பாதுகாப்புத் திருத்தங்கள் வாறது விண்டோஸ் அப்டேற்றாலை. அதிலை கை வைக்கக் கூடாது. கொம்பனியின்ரையை எடுத்தால் லப்ரொப் நிண்டுபோகாது. 13 வருசமா இந்த வேலை செய்யிறன், ஆயிரம் மெசினிலையாவது எடுத்திருப்பன்.

முதல் ஒரு றிஸ்ரோர் பொயின்ற் போடுங்கோ, ஏதும் பிழைச்சால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பேந்து செற்றிங்ஸ், அப்ஸ், இன்ஸ்ரோல்ட் அப்ஸ். அந்தக் கொம்பனிப் பேரிலை ரண்டு மூண்டு இருக்கும். அப்டேற், அசிஸ்ரன்ற், சப்போட் எண்டு பேர் இருக்கிறதை மட்டும் அன்இன்ஸ்ரோல் குடுங்கோ. ஓடியோ, ரச்பாட், ஹொட்கீ எண்டு இருந்தால் விட்டுவிடுங்கோ. சத்தம் கூட்டிக் குறைக்கிற கீயெல்லாம் அதுகளிலைதான் நிக்கும். ரீஸ்ராட் பண்ணினாப் பிறகு ராஸ்க் ஷெட்யூலரைத் (புறோகிராமுகளை நேரத்துக்குத் தானா ஓடவைக்கிற இடம்) திறந்து பாருங்கோ. ஆளைத் துரத்தினாலும் அவர் வைச்ச அலாரம் அங்கை கிடக்கும், அதையும் அழியுங்கோ.

11 ஜீபி போனதுக்குக் காரணம், கரண்ட் போய் லைன் அறுந்து, ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப முதலிலை இருந்து இறக்கினதாய் இருக்கலாம். வைஃபையை மீற்றேர்ட் (டேற்றாவைக் குறைச்சுப் பாவி எண்டு சொல்லுற செற்றிங்) ஆக்கினாலும் எல்லாப் புறோகிராமும் அதை மதிக்காது.

பயோஸுக்கு நீங்கள் பயந்தது சரி. எழுதிக்கொண்டிருக்கேக்கை கரண்ட் போய், பற்றரியும் தாங்காட்டில் மதர்போட் செத்துப்போகலாம். பற்றரி மாத்தும்வரைக்கும் தொடாதேங்கோ.

திருநெல்வேலி மாணவன்:
எடுக்கிறதுதான் நல்லதெண்டு நானும் சொல்லுவன். 2016இலை டியோ செக்யூரிற்றி ஆய்வாளர்கள் 5 பெரிய கொம்பனிகளின்ரை இப்பிடியான அப்டேற் புறோகிராமுகளைச் சோதிச்சவை. ஐஞ்சிலையும் ஓட்டை இருந்தது. இறக்கிற ஃபைல் உண்மையிலை கொம்பனியின்ரைதானோ எண்டுகூடச் சிலது சரியாப் பாக்கேல்லை. 2019இலை அசூஸ் கொம்பனியின்ரை லைவ் அப்டேற் எண்ட புறோகிராம் வழியாவே கள்ள ஃபைல் போனதைக் கஸ்பர்ஸ்கி எண்ட வைரஸ் தடுப்புக் கொம்பனி வெளியிலை கொண்டுவந்தது. கொம்பனியின்ரை உண்மையான டிஜிற்றல் கையெழுத்தோடையே போனதாலை ஆருக்கும் சந்தேகம் வரேல்லை.

உரும்பிராய் அம்மா:
தம்பிமாருக்கு நன்றி. சனிக்கிழமை மகளும் நானும் இருந்து எடுத்தனாங்கள். ஷெட்யூலரிலை ரண்டு கிடந்தது, அதையும் அழிச்சாச்சு. ஆனால் ஞாயிறு விடியத் திறக்க, திரும்ப வந்து நிக்குது! என்ன செய்ய?

சுன்னாகம் ரிப்பேர்காரன்:
அக்கா, ஸ்ராட்டிலை "சேஞ்ச் டிவைஸ் இன்ஸ்ரலேஷன் செற்றிங்ஸ்" எண்டு தேடுங்கோ. கொம்பனி அப்ஸைத் தானா இறக்கவோ எண்டு கேக்கும். நோ குடுத்து சேவ் பண்ணிப்போட்டு, திரும்ப எடுங்கோ. புதுசா பிரின்ரர் ஏதும் பூட்டி அது வேலை செய்யாட்டில் யெஸ்ஸுக்கு மாத்திப் பாக்கலாம். அதுக்குப் பிறகும் வந்தால் பயோஸுக்குள்ளை இருந்து வருதாய் இருக்கலாம். விண்டோஸ் 8 காலத்திலை இருந்து அப்பிடியொரு வழி இருக்கு. சில மெசினிலை பயோஸ் மெனுவிலையே அதை நிப்பாட்டலாம். அப்பிடியெண்டால் ஒருக்கால் கடைக்குக் கொண்டுவாங்கோ, காசு வேண்டாம்.

இன்னொண்டு. பிற்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. போட்டிருந்தால் அந்த 48 இலக்க மீட்புக் கீயை இப்பவே கொப்பியிலை எழுதி வையுங்கோ. பேந்து பயோஸ் அப்டேற் செய்யேக்கை அது கேக்கலாம்.

உரும்பிராய் அம்மா:
நோ குடுத்து இண்டையோடை 6 நாள். திரும்ப வரேல்லை, கடைக்கு வரத் தேவையில்லைப் போல. பிற்லொக்கர் போட்டுத்தான் இருந்தது. கீயை மகள் தன்ரை உயிரியல் கொப்பியின்ரை பின்பக்கத்திலை எழுதி வைச்சிருக்கிறாள். புதுப் பற்றரிக்கு மகனிட்டைச் சொல்லியிருக்கிறன். நேற்று வகுப்பு முடியுமட்டும் ஒரு கேள்வியும் கேக்காமல் ஓடினது.