தண்ணீரைப் பற்றிப் பேசினாலே கட்சிக்காரனா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) காவிரித் தண்ணீர் மாதாமாதம் பிரித்து ஒழுங்காக வர வேண்டும் என்று டீக்கடையில் பேசினால், ஒரு கட்சி முத்திரை குத்துகிறார்கள். டெல்டா விளைநிலங்களைப் பாதுகாக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் நல்லது என்றால் இன்னொரு கட்சி. நான் எதிலும் இல்லை. அப்படியே இருந்தாலும் அது தப்பில்லையே!

இதனால் பெரிய மாமா என்னிடம் பேச்சையே குறைத்துவிட்டார். அவர் வயலைத் தாண்டித்தான் எனக்குத் தண்ணீர் பாயும், வாய்க்கால் தூர்வாரவும் ஒன்றாக நிற்க வேண்டும். அதெல்லாம்கூடச் சரி, சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். தையில் அவர் வீட்டில் கல்யாணம்.

மரியாதை குறையாமல் எப்படிப் பேச்சை எடுப்பது? நேரிலா, அத்தை மூலமாகவா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.